கணினி வாங்கும் முன் காற்றைக் கேளுங்கள்

வீட்டு அறையிலேயே பாட்டுப் பதிய நினைக்கும் பூநகரிக்காரருக்கு எந்தக் கணினி பொருந்தும்? கடை விளம்பரத்தில் உள்ள எண்களைவிட மின்சாரமும் வெக்கையும் கூரைத் தகரமும் பழுது பார்ப்பவரின் தூரமும்தான் அதற்கு விடை சொல்கின்றன.

சங்குப்பிட்டிப் பாலம் 288 மீற்றர் நீளம். 2011 ஜனவரியில் அது திறந்த பிறகுதான் பூநகரியிலிருந்து யாழ்ப்பாணம் போய்வருவது ஒரு காலைப்பொழுது வேலையாயிற்று. அதற்கு முன் கேரதீவுப் பக்கம் போக மிதவைப் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். அது ஓடாத காலங்களில் பரந்தன், ஆனையிறவு என்று சுற்ற வேண்டும். ஊரில் நல்ல குரல் உள்ள ஒருவர் தன் பாட்டைப் பதிந்து கேட்க ஆசைப்பட்டால், அந்தப் பயணத்தோடு ஸ்ரூடியோ வாடகையும் சேரும். மணிக்கணக்குக்குக் காசு ஓடும்போது குரல் தானாக இறுகிவிடும். இரண்டாம் முறை பாடிப் பார்க்கக்கூட மனம் வராது.

இன்று அந்த ஸ்ரூடியோ ஒரு மேசைக்குள் அடங்குகிறது. கணினி ஒன்று, மைக் ஒன்று, இடையில் ஒரு சின்னப் பெட்டி, காதில் ஹெட்போன். வாடியடியிலோ முழங்காவிலிலோ ஜெயபுரத்திலோ ஓர் அறை இருந்தால் போதும். ஆனால் கணினிக் கடையில் கால் வைத்ததும் பேச்சு வேறு திசைக்குப் போய்விடுகிறது. ஐ5ஆ ஐ7ஆ, கிராபிக்ஸ் கார்ட் வேண்டுமா, திரை எத்தனை அங்குலம் என்று கேட்பார்கள். வீடியோ விளையாட்டுக்கு வாங்குபவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் அவை. பாட்டுப் பதிபவர் கேட்கவேண்டியவை வேறு. பூநகரியில் பதிபவர் கேட்கவேண்டியவை இன்னும் வேறு.

கருவி நகர்ந்து வந்த வழி

இலங்கைத் தமிழ்ப் பாட்டின் வரலாறு, ஒலிப்பதிவுக் கருவி எங்கே இருந்தது என்பதோடு பிணைந்தது. ரேடியோ சிலோனும் பின்னர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் கொழும்பில் இருந்தன. ஆகவே மெல்லிசை பாட விரும்பியவர் கொழும்புக்கு ரயில் ஏறினார். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் ஆகியோரின் பொப் பாட்டுகள் ஊரூராகப் பரவியதில் அந்த வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. போர்க்காலத்தில் கருவி வன்னிக்குள்ளேயே வந்தது. மின்கம்பி எட்டாத இடங்களில் ஜெனறேற்றரை ஓடவிட்டுப் பதிந்த பாட்டுகள் கசெற்றுகளாகக் கைமாறின. 2017இல் மறைந்த எஸ்.ஜி. சாந்தனின் குரல் வீடுவீடாகப் போனது கசெற்றுகளில்தான்.

வெளியுலகில் இதே நகர்வு வேறு வேகத்தில் நடந்தது. கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ள மிடி என்ற பொது மொழி 1983இல் வந்தது. 1985இல் வந்த அடாரி எஸ்டி கணினியில் மிடி துளைகள் உள்ளேயே இருந்தன. இசைக்காரர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்துப் பஞ்சதன் ஒலிக்கூடத்தை அமைத்தார். 1992இல் 'ரோஜா' வெளிவந்தது. லொஸ் ஏஞ்சலிஸில் பில்லி ஐலிஷும் அண்ணன் ஃபினியஸும் வீட்டுப் படுக்கையறையில் பதிந்த தொகுப்பு 2019இல் வெளியாகி, 2020 ஜனவரியில் அவ்வாண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வென்றது. படுக்கையறையிலிருந்தும் உலகத்தரம் வரும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் அந்தப் படுக்கையறையில் பாட்டின் நடுவில் கரண்ட் போவதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

முதல் கேள்வி கரண்ட்

வன்னியில் பாட்டுக் கேட்பதற்கே மின்சாரம் தேடிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளை நிறுத்தி வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் வந்த மின்னில் வானொலி கேட்டோம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது கட்டுக்கதை அல்ல. 2009இல் போர் முடிந்த பின் மின்கம்பிகள் திரும்பி வந்தன. ஆனாலும் 2022 மார்ச்சில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் தீவே இருண்டது. சாதாரண நாட்களிலும், மின்கம்பித் தொடரின் கடைக்கோடியில் உள்ள ஊர்களில் வோல்ற்றேஜ் ஏறி இறங்குவது புதினமில்லை.

இந்த ஒரு காரணத்துக்காகவே நம் பக்கத்துக்கு டெஸ்க்டொப்பைவிட லப்டொப் பொருத்தம். அதே விலைக்கு டெஸ்க்டொப் கூடுதல் வேகம் தரும் என்பது உண்மை. ஆனால் அதோடு யூ.பி.எஸ். வாங்க வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சிறிய யூ.பி.எஸ்.ஸில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ற், 7 ஆம்பியர்-மணி பற்றரி ஒன்று. அதாவது 84 வாட்-மணி. திரையோடு சேர்த்து 120 வாட் இழுக்கும் கணினிக்கு அது கணக்குப்படியே 42 நிமிடம்தான். மின்மாற்றத்தில் போகும் இழப்பையும் பற்றரியின் வயதையும் கழித்தால் பாதி தேறினாலே பெரிய காரியம். போதாததற்கு, கரண்ட் போனதும் யூ.பி.எஸ். கீச்சிடத் தொடங்கும், மைக் அதையும் பதியும். லப்டொப்புக்குப் பற்றரி உள்ளேயே இருக்கிறது. அதன் சார்ச்சர் 100 முதல் 240 வோல்ற் வரை தாங்கும் என்பதால் வோல்ற்றேஜ் ஏற்ற இறக்கமும் அவ்வளவாகப் பாதிக்காது.

பற்றரிக்கு இன்னொரு பயனும் உண்டு. நம் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. ஏர்த் சரியில்லாத வீட்டில் அந்த அலைவு "ம்ம்ம்" என்ற இரைச்சலாகப் பாட்டின் அடியில் உட்கார்ந்துவிடும். கோடையில் மண் காய்ந்து போகும்போது ஏர்த் கம்பி புதைத்த வீட்டிலும் அது வலுவிழக்கும். சதுரப் பின்னை வட்டத் துளையில் செருக மலிவு அடப்ரர் போட்டிருந்தால் ஏர்த் தொடர்பே அறுந்திருக்கக்கூடும். லப்டொப்காரருக்கு உடனடி மருந்து எளிது: பாடும் நேரத்துக்கு மட்டும் சார்ச்சரைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் பதிய வேண்டும். பல வீடுகளில் அந்தக் கணமே இரைச்சல் நின்றுவிடும். பற்றரியில் ஓடும்போது விண்டோஸ் தானாக வேகத்தைக் குறைக்கும் என்பதால், பவர் அமைப்பை முழு வேகத்துக்கு மாற்றி வைத்தால் போதும். வீட்டின் ஏர்த்தை ஒரு மின்னியலாளரைக் கொண்டு சோதிப்பது நிரந்தர மருந்து. உயிருக்கும் அது காப்பு.

அறையில் யார் சத்தம் போடுகிறார்கள்?

பூநகரி காற்றுக்குப் பேர்போன இடம். அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாட் காற்றாலை அமைக்கத் திட்டமிட்டு, 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது செய்தியாயிற்று. காற்றாலைக்காரரைக் கூப்பிடும் காற்று மைக்குக்கு ஆகாது. சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை பனையோலை உரசல், தகரக் கூரையின் படபடப்பு, யன்னல் இடுக்கின் விசில் எல்லாம் பதிவுக்குள் வரும். ஒக்ரோபரில் தொடங்கி மார்கழி தாண்டும்வரை மழை. கூரைத் தகரத்தில் மழை விழுந்தால் அன்றைக்குப் பதிவு இல்லை. தையில் வயல் அறுவடை இயந்திரங்கள் இறங்கும். இவற்றுக்கு இடையே நிதானமான நேரம் என்றால் மாசி, பங்குனி இரவுகள். லான்ட்மாஸ்டர்கள் ஓய்ந்து, கோயில் ஒலிபெருக்கியும் அடங்கிய பிறகு, இரண்டு மூன்று மணிநேரம் கிடைக்கும்.

அந்த மூன்று மணிநேரத்திலும் அறைக்குள்ளேயே இரைந்து கெடுப்பது கணினியின் மின்விசிறி. வெக்கை கூடக் கூட அது வேகம் எடுக்கும். 33, 34 பாகை வெக்கையில், மேலே ஃபேனும் நிறுத்தப்பட்ட அறையில், விளையாட்டுக்கென்று செய்த கனத்த லப்டொப்பின் விசிறி ஒலி மைக்குக்குத் தெளிவாகக் கேட்கும். ஆகவே வேகத்துக்குக் கொடுக்கும் அதே கவனத்தை அமைதிக்கும் கொடுக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்ட் ஒலிப்பதிவுக்குப் பெரிதாக உதவாது. வெக்கையைக் கூட்டும், பற்றரியைக் குடிக்கும். அது இல்லாத லப்டொப்பே மேல். 2020 நவம்பரில் வந்த எம்1 சிப் கொண்ட மேக்புக் எயாரில் விசிறியே கிடையாது. இந்தக் கணக்கில் அதை மிஞ்ச ஆளில்லை.

கணினி எதுவானாலும், பதியும்போது அதை மைக்கின் முதுகுப் பக்கத்தில், முடிந்தவரை தள்ளி வையுங்கள். நீளமான மைக் வயருக்குச் செலவழிக்கும் காசு வீண்போகாது. சுவரில் கனத்த போர்வை, மூலையில் பஞ்சு மெத்தை, துணி நிறைந்த அலுமாரி எல்லாம் எதிரொலியைக் குடிக்கும். நெல்மூட்டை அடுக்கிய அறை வீட்டில் இருந்தால் அதில் ஒருமுறை பாடிப் பாருங்கள்.

தாமதம் என்னும் தலையிடி

வீட்டுப் பதிவில் முதல்முறை இறங்குபவர் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. பாடகர் பாடுகிறார், அவர் குரல் கணினிக்குள் போய் ஹெட்போனில் திரும்பி வரும்போது கொஞ்சம் பிந்தி வருகிறது. தாளம் தடுமாறுகிறது. கணினி மெதுவானது என்று நினைத்து விலைகூடிய ஒன்றுக்கு ஓடுகிறோம்.

கணினி ஒலியைத் துளித்துளியாக அனுப்புவதில்லை. ஒரு தொகுதி சேர்ந்த பின்தான் அனுப்புகிறது. கிளிநொச்சி பஸ் நிலையத்தில் ஆட்கள் நிரம்பும்வரை நிற்கும் மினிபஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். தொகுதி பெரிதானால் காத்திருப்பும் நீளும். விநாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் பதிவில் 128 மாதிரித் தொகுதி என்றால் 2.7 மில்லிவிநாடி தாமதம். 512 என்றால் 10.7, 1024 என்றால் 21.3. போக ஒன்று, வர ஒன்று என்று இது குறைந்தது இரட்டிப்பாகும். ஒலி காற்றில் 10 மில்லிவிநாடியில் ஏறத்தாழ மூன்றரை மீற்றர் போகும். கோயிலில் தவில்காரருக்கு மூன்றரை மீற்றர் தள்ளி நின்று நாதஸ்வரம் வாசிப்பவர் அந்தத் தாமதத்தோடு இயல்பாக ஒத்துப்போகிறார். அதற்கு மேலே நீளும்போதுதான் இடறத் தொடங்குகிறது.

சிறிய தொகுதியைக் கணினி சிந்தாமல் சிதறாமல் கையாள வேண்டும். இல்லையென்றால் "டிக், டிக்" என்று ஒலி வெடிக்கும். இதற்குச் சிப்பின் வேகம் ஒரு காரணம் மட்டுமே. கணினிக்குள் இருக்கும் வைஃபை, கிராபிக்ஸ் போன்றவற்றின் டிரைவர் மென்பொருள் இடையில் புகுந்து நேரத்தைத் தின்பதும் அதே அளவு காரணம். லேற்றன்சிமொன் என்ற இலவசக் கருவி இதைக் கண்டுபிடித்துச் சொல்லும். பழைய லப்டொப் வாங்குவதானால் கடையிலேயே அதைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. வைஃபையை அணைத்தால் பல கணினிகள் திருந்திவிடுகின்றன.

மைக்குக்கும் கணினிக்கும் நடுவில் நிற்கும் சின்னப் பெட்டியும் இங்கே முக்கியம். நம்மூரில் சவுண்ட் கார்ட் என்பார்கள். கடையில் ஓடியோ இன்ரர்பேஸ் என்று கேட்டால் சரியானதை எடுத்துத் தருவார்கள். ஃபோகஸ்ரைட், பெரிங்கர், ஓடியன்ற் எனப் பல உண்டு. அதில் 'டைரக்ட் மொனிற்றர்' என்ற வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குரலைக் கணினிக்குள் அனுப்பாமல் பெட்டியிலிருந்தே நேராக ஹெட்போனுக்குத் திருப்பிவிடும் வசதி அது. குரல் பதிவுக்கு அது இருந்தால், பழைய கணினியிலும் தாமதப் பிரச்சினை தீர்ந்துவிடும். கீபோர்டைத் தட்டி, கணினிக்குள் இருக்கும் வயலினையோ தபேலாவையோ ஒலிக்கச் செய்பவருக்குத்தான் வேகமான சிப் உண்மையாகவே வேண்டும்.

ஐ5, ஐ7 சண்டையும் டிஸ்க் கணக்கும்

அந்த வேகத்தை எப்படிப் பார்ப்பது? பெயரில் உள்ள 5, 7 என்ற எண்ணைவிட அதன் தலைமுறை முக்கியம். மெல்லிய லப்டொப்புகளில் வந்த இன்ரெல் 7ஆம் தலைமுறை ஐ7இல் பொதுவாக இரண்டே கோர்கள். 2017இல் வந்த 8ஆம் தலைமுறை ஐ5இல் நான்கு. பல தடங்களைச் சேர்த்து ஓட்டும் இசை வேலைக்குப் பின்னதுதான் நல்லது. "ஐ7 இருக்கு, தம்பி" என்று ஒருவர் விலை கூட்டிச் சொன்னால், எந்தத் தலைமுறை என்று திருப்பிக் கேளுங்கள்.

ரேம் நினைவகம் 8 ஜீபி இருந்தால் குரலும் நாலைந்து வாத்தியமும் பதியலாம். கணினிக்குள் இருக்கும் வாத்தியங்களை நம்பி முழு இசையும் அமைப்பதானால் 16 வேண்டும். பின்னர் கூட்டிக்கொள்ள இடம் இருக்கும் மாதிரியே வாங்குங்கள்.

டிஸ்க்கில் கணக்கு சுலபம். 24 பிற், 48,000 மாதிரி என்ற தரத்தில் ஒரு தடம் ஒரு நிமிடத்துக்கு 8.64 மெகாபைற் எடுக்கும். எட்டுத் தடமுள்ள ஐந்து நிமிடப் பாட்டு ஏறத்தாழ 346 மெகாபைற். 512 ஜீபி எஸ்எஸ்டி போட்டால் நீண்ட நாள் தாங்கும். பழைய சுழலும் டிஸ்க்கும் எழுதும் வேகத்தில் குறைவைக்காது. ஆனால் அது உறுமும், அதிரும், தட்டுப்பட்டால் போய்விடும். எஸ்எஸ்டிக்கு இவை எதுவும் இல்லை.

கூத்துப் பதிபவர் இன்னொரு கணக்கையும் அறிந்திருக்க வேண்டும். விடிய விடிய நடக்கும் கூத்தை எட்டு மணிநேரம் ஸ்ரீரியோவில் பதிந்தால் 8.3 ஜீபி வரும். சாதாரண வேவ் கோப்பு 4 ஜீபிக்கு மேல் வளராது. அதாவது நாலு மணிநேரம் தாண்டியதும் பதிவு முறியலாம், கோப்பு பழுதாகலாம். ஆகவே இடைவேளைகளில் நிறுத்தித் தொடங்குங்கள். அல்லது கோப்பைத் தானாகப் பிரிக்கும் அமைப்பை முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

புதியதா, பழையதா, கனடாவிலிருந்து வந்ததா?

2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. அதன் பின் இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. கணினி விலையும் வரவில்லை. ஆகவே பலருடைய தெரிவு பாவித்த லப்டொப்தான். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. அலுவலகங்களுக்கென்று உறுதியாகச் செய்யப்பட்டு, சில வருடம் பாவித்தபின் சந்தைக்கு வரும் லெனோவோ திங்க்பாட், டெல் லற்றிரியூட், எச்பி எலிற்புக் ஆகியவை ஒலிப்பதிவுக்கு ஏற்றவை.

குறிப்பாக 2018இல் வந்த திங்க்பாட் டி480இன் அமைப்பு நம் ஊருக்கென்றே செய்தது போல இருக்கிறது. உள்ளே ஒரு பற்றரி, வெளியே கழற்றி மாற்றக்கூடிய இன்னொரு பற்றரி. கணினியை அணைக்காமலே வெளிப் பற்றரியை மாற்றலாம். ரேமுக்கு இரண்டு இடங்கள். மூடியைத் திருகுகளைக் கழற்றித் திறக்கலாம் என்பதால் கிளிநொச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள சாதாரணப் பழுதுபார்ப்பவரே அதற்குப் போதும்.

ஏன் 8ஆம் தலைமுறை என்று வற்புறுத்துகிறோம் என்பதற்கு இன்னொரு காரணம்: மைக்ரோசொஃப்ற் 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான பொதுப் பாதுகாப்பு ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்கும் இன்ரெல் சிப்கள் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்கு முந்தியவற்றை உலகெங்கும் நிறுவனங்கள் கழித்து வருவதால் அவை மலிவாக நம் கடைகளுக்கும் வந்து சேரும். விலையைப் பார்த்து மயங்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே அப்படியொன்று இருந்தால் எறியவும் வேண்டாம். உபுண்டு ஸ்ரூடியோ போன்ற இலவச லினக்ஸைப் போட்டு, இணையத்தில் இணைக்காமல் ஒலிப்பதிவுக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம்.

மேக்கின் பலம் அமைதியும் பற்றரியும். கராஜ்பாண்ட் மென்பொருள் இலவசமாகவே வருகிறது. பலவீனம் பழுது. எம்1 எயாரின் ரேமும் டிஸ்க்கும் பலகையோடு ஒட்டியவை. பிறகு கூட்ட முடியாது. ஆப்பிளின் சொந்தக் கடை இலங்கையில் இல்லை. பலகை போனால் கொழும்பு பம்பலப்பிட்டிப் பக்கம் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். களப்புக் காற்றில் உப்பு உண்டு. அது எந்தக் கணினியின் இணைப்புகளையும் மெல்ல அரிக்கும். பாவிக்காத நேரத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பெட்டிக்குள் வைப்பது எல்லாக் கணினிக்கும் பொது.

புலம்பெயர்ந்த சித்தப்பாவோ அக்காவோ கொண்டுவரும் கணினி நம் வீடுகளில் சாதாரணம். லப்டொப் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சார்ச்சர் பொதுவாக நம் 230 வோல்ற்றில் ஓடும். ஆனால் கனடாவிலிருந்து வரும் ஸ்பீக்கரும் மிக்சரும் 120 வோல்ற்றுக்கு மட்டும் செய்தவையாக இருக்கலாம். நேராகச் செருகினால் புகைதான். பழைய டெஸ்க்டொப்பின் பின்புறத்தில் 115, 230 என்று ஒரு சிவப்புச் சுவிட்ச் இருந்தால் முதலில் அதை 230க்கு மாற்றுங்கள். சுவிஸிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வரும் கணினியின் விசைப்பலகையில் ஒய், இசட் எழுத்துகள் இடம் மாறி இருக்கும், அது பழகிவிடும்.

மென்பொருளுக்குக் காசு கொடுப்பதா?

ரீப்பர் என்ற மென்பொருளின் கோப்பு சுமார் 15 மெகாபைற்தான். கைத்தொலைபேசி டேற்றாவிலேயே இறக்கலாம். 60 நாள் முழுதாகப் பாவித்துப் பார்க்கலாம். தனிநபர் உரிமம் 60 டொலர். பழைய கணினியிலும் இலேசாக ஓடும், லினக்ஸுக்கும் உண்டு. 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிற்றி எளிய குரல் பதிவுக்குப் போதும். பென் டிரைவில் கைமாறும் 'கிராக்' மென்பொருளோடு வைரஸும் கூட வரும். பாதிப் பாட்டில் கணினி உறைவதற்கு அது அடிக்கடி காரணம். பத்துக்கணக்கான ஜீபி எடுக்கும் வாத்தியத் தொகுப்புகளை இறக்கும் முன், அந்த வாத்தியத்தை உண்மையில் வாசிப்பவர் பக்கத்து ஊரில் இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். மத்தளமும் உடுக்கும் ஆர்மோனியமும் இங்கேயே இருக்கும்போது அவற்றின் வெளிநாட்டு நகல் எதற்கு?

கடையில் கேட்க வேண்டியவை

• சிப் எந்தத் தலைமுறை? இன்ரெல் என்றால் 8ஆவது அல்லது அதற்குப் பிந்தியதா?

• ரேம் 16 ஜீபியா, அல்லது 16 வரை கூட்ட இடம் உண்டா? எஸ்எஸ்டியா?

• பற்றரி எந்த நிலையில்? விண்டோஸின் பற்றரி அறிக்கையில் தயாரிப்புக் கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் அருகருகே வரும். 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் புதுப் பற்றரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

• பதினைந்து நிமிடம் வேலை கொடுத்துவிட்டு காதை அருகில் வைத்துக் கேளுங்கள்: விசிறி எவ்வளவு இரைகிறது?

• லேற்றன்சிமொன் பத்து நிமிடம் ஓடியபின் சிவப்புக் காட்டுகிறதா?

• யூ.எஸ்.பி. துளைகள் இறுக்கமாக உள்ளனவா? ஆடும் துளையில் இன்ரர்பேஸ் நடுப்பாட்டில் அறுந்துவிடும்.

• பழுதானால் யார் பார்ப்பார்? எத்தனை நாள்?

• மொத்தக் காசில் கணினிக்குப் பாதிக்கு மேல் போகிறதா? போனால் மலிவான கணினிக்கு இறங்குங்கள். மிச்சம் மைக்குக்கும் இன்ரர்பேஸுக்கும் நல்ல ஹெட்போனுக்கும் வேண்டும். அமைதியில்லாத அறைக்கு, வாய்க்கு அருகில் பிடித்துப் பாடும் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் கைகொடுக்கும். 1966இல் வந்த அந்த மாதிரி இன்றும் மேடைகளில் நிற்கிறது.

எதைப் பதியப் போகிறோம்?

புதிதாகக் கணினி வாங்கியவர் முதலில் செய்வது பெரும்பாலும் சினிமாப் பாட்டின் கரோக்கியில் பாடிப் பதிவது. கை பழக அது நல்லது. ஆனால் அந்தப் பாட்டுகளின் மூலப் பதிவு உலகில் எங்கும் கிடைக்கும். முல்லைத்தீவின் கோவலன் கூத்து மெட்டுகளும், வேலப்பணிக்கன் ஒப்பாரியும், பண்டிப் பள்ளும், அரிவிவெட்டும்போது பாடிய பாட்டுகளும், மன்னார்ப் பக்கத்துக் கூத்தின் வடபாங்கும் தென்பாங்கும் அப்படிக் கிடைப்பவை அல்ல. வரிகள் சில புத்தகங்களில் அச்சாகியிருக்கலாம். மெட்டு அச்சில் ஏறாது; அது அண்ணாவியாரின் தொண்டையில் இருக்கிறது. மொட்டைக்கருப்பன் நெல் விதைத்த வயலில் கூட்டமாக நின்று அரிவி பிடித்தவர்களுக்குத் தெரிந்த பாட்டு, இயந்திரம் அறுக்கும் வயலில் பிறந்தவர்களுக்குத் தெரியாது.

ஒருமுறை இழந்த மண் இது. 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போன வழியில் கசெற்றுகளும் கூத்துக் கொப்பிகளும் திருமண அல்பங்களும் விடுபட்டுப் போயின. ஆகவே இங்கே பிரதி எடுத்து வைப்பது கணினி வேலையின் கடைசிப் படி அல்ல, பாதி வேலை. கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் உள்ள உறவினரிடம் ஒன்று. கணினி வாங்கும் நாளிலேயே வெளி டிஸ்க்குக்கும் காசு ஒதுக்குங்கள். பாடியவரின் சம்மதத்தோடு, 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் நூலக நிறுவனத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம். ஒலி, ஒளி ஆவணங்களுக்காக அவர்கள் 'ஆவணகம்' நடத்துகிறார்கள். கோப்பின் பெயரிலேயே பாடியவர், ஊர், திகதி, பாட்டின் வகை நான்கையும் எழுதுங்கள். "புதிய பதிவு 7" என்று இருக்கும் கோப்பு பத்து வருடத்தில் அநாதையாகிவிடும்.

கணினிக்குக் காசு சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கையிலுள்ள தொலைபேசியை விமானப் பயண முறைக்கு மாற்றி, பாடுபவருக்கு இரண்டு அடி தள்ளி, மடித்த துவாயின் மேல் வைத்து, இரவு எட்டு மணிக்குப் பின் பதிந்து பாருங்கள். கேட்கும்போது எது உறுத்துகிறது என்று கவனியுங்கள். காற்றும் கூரையும் உறுத்தினால் முதலில் திருத்தவேண்டியது அறை. குரல் தூரத்தில் ஒலித்தால் வாங்கவேண்டியது மைக். அடியில் "ம்ம்ம்" கேட்டால் கூப்பிடவேண்டியது மின்னியலாளரை. தடங்களைச் சேர்க்க முடியாமல் தவிக்கிறீர்கள் என்றால் மட்டுமே உங்களுக்கு இப்போது வேண்டியது கணினி. அந்த வரிசையில் காசைச் செலவழிப்பவரின் பாட்டுக்குப் பழைய லப்டொப்பே போதும்.